இரவுப் பணிக்கு விழிப்பு மாத்திரை: யாருக்கு மருந்து, யாருக்கு வம்பு?

ராக்கோழி
வணக்கம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி விடியற்காலை நான்கு மணிக்கு முடியும் ஷிப்ட். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அமெரிக்காவில். எனக்கு வயது 38. இரவு இரண்டு மணிக்கு மேல் திரையில் இருக்கும் எழுத்து மண்டையில் ஏறுவதே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஆர்மொடாஃபினில் 150 மில்லிகிராம் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "காபி மாதிரிதான், பயப்படாதே" என்றார். அவரிடம் மருந்துக்கடையில் சீட்டே கேட்கவில்லையாம்.

பழக்கமாகிவிடுமா? காலையில் வீட்டுக்கு வந்து தூங்க முடியுமா? ரத்த அழுத்தத்துக்குத் தினமும் டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன், அதோடு ஒத்துப்போகுமா? இன்னும் ஒன்றுகூட விழுங்கவில்லை. இணையத்தில் தேடிப் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள். தேடிவிட்டுத்தான் வந்தேன். பாதிப் பேர் அமிர்தம் என்கிறார்கள், பாதிப் பேர் விஷம் என்கிறார்கள்.

முழுவேகம்
நான் அமிர்தக் கட்சி. பெங்களூரில் மென்பொருள் வேலை. கெடு நெருங்கும் வாரங்களில் அரை மாத்திரை போடுகிறேன். காபியில் வருகிற கைநடுக்கம் இல்லை. உட்கார்ந்தால் ஆறு மணி நேரம் கவனம் சிதறாது, பசிகூடத் தெரியாது. அமெரிக்க விமானப் படை தன் விமானிகளுக்கே அனுமதித்திருக்கிற மருந்து இது. அவர்களுக்கு வராத கேடு நமக்கு என்ன வந்துவிடப் போகிறது? நிறையத் தண்ணீர் குடியுங்கள், அவ்வளவுதான். இதற்காக மருத்துவரிடம் வரிசையில் உட்கார்ந்தால், "தூக்கம் வந்தால் தூங்குங்கள்" என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொள்வார்.

வைகைக்கரை மருந்தாளுநர்
ராக்கோழி தம்பி, இது மருத்துவர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய சரக்கு. சீட்டுக் கேட்காமல் கொடுத்தவர் உங்கள் நண்பருக்கு உபகாரம் எதுவும் செய்துவிடவில்லை.

"காபி மாதிரி" என்ற பேச்சில் முதலில் இடிப்பது காலக் கணக்கு. ரத்தத்தில் உள்ள கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மொடாஃபினில் என்பது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் இரண்டு மூலக்கூறுகளின் கலவை. அதில் ஒன்று நாலைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். மற்றதற்குச் சுமார் 15 மணி நேரம் வேண்டும். அந்த நிதானமான ஆளை மட்டும் தனியே பிரித்து விற்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆர்மொடாஃபினில். இரவு பத்து மணிக்கு விழுங்கினால் மறுநாள் பகல் ஒரு மணிக்கும் பாதி மருந்து உடம்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் படுத்து எழ வேண்டிய நேரமே அதற்குள் முடிந்துவிடுகிறது. முழுவேகம் அரை மாத்திரை என்கிறார். மாத்திரையை உடைத்தால் அளவுதான் பாதியாகும், காலம் பாதியாகாது.

டெல்மிசார்டனோடு நேரடி மோதல் என்று பெரிதாக இல்லை. ஆனால் ரத்த அழுத்தத்தோடு மோதல் உண்டு. மருந்துச் சோதனைகளில், இதை எடுத்தவர்களில்தான் அழுத்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கவோ அளவைக் கூட்டவோ வேண்டியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்தவர்களுக்கும், இதற்கு முன் இப்படிப்பட்ட ஊக்க மருந்து எடுத்து மைட்ரல் வால்வுத் தொந்தரவு கண்டவர்களுக்கும் கொடுக்க வேண்டாம் என்கிறது மருந்துக் குறிப்பு.

இன்னொன்று, இது கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளில் சிலவற்றை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கிவைக்கும். அதனால் உறுப்பு மாற்று நோயாளிகள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் அளவு இறங்கிவிடும். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாய்ன் ஏறிவிடும். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்ற கேள்விக்குத்தான் அந்த ஐந்நூறு ரூபாய், முழுவேகம்.

கதிர் நா.
எனக்கு நார்கோலெப்சி, அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் அமுக்கும் நோய். இந்த மாத்திரை யாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பள்ளியில் என் பெயர் கும்பகர்ணன். பரீட்சைத் தாளில் பேனா கோடிழுத்தபடி தூங்கியிருக்கிறேன். யாராவது நல்ல நகைச்சுவை சொன்னால் முழங்கால் மடங்கிக் கீழே விழுவேன், நினைவு மட்டும் முழுதாக இருக்கும். அதற்குக் கேட்டபிளெக்சி என்று பெயர். எங்கள் ஊரில் அதற்கு வைத்த பெயர் வேறு. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். விடலைப் பருவத்தில் தொடங்கிய நோய்க்குப் பெயர் தெரிந்தபோது எனக்குக் கல்யாண வயது.

பரிசோதனை எளிமையானதுதான். ஓர் இரவு முழுக்கத் தலையில் கம்பிகளோடு தூங்க வேண்டும். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருபது நிமிடம் படுக்கச் சொல்வார்கள். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு தடவையாவது நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போய்விட்டால் நார்கோலெப்சி என்று முடிவுக்கு வருவார்கள். மூளையில், நம்மை விழித்திருக்க வைக்கும் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் என்னைப் போன்றவர்களுக்கு அழிந்துபோயிருக்கும். 1998இல்தான் அந்தப் பொருளையே கண்டுபிடித்தார்கள்.

மொடாஃபினில் பிரான்ஸ் நாட்டு லாஃபோன் ஆய்வகத்தில் பிறந்தது. லியோன் நகரத்தில் தூக்க ஆய்வாளர் மிஷேல் ஜூவே 1980களில் நார்கோலெப்சிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அமெரிக்காவில் 1998 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. என் வாழ்க்கையை அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். வேலை கிடைத்ததும், கிடைத்த வேலை நிலைத்ததும் அதனால்தான். ஆனாலும் பகலில் இரண்டு குட்டித் தூக்கம் போட்டாக வேண்டும். சிரித்தால் விழுவதற்கு இது உதவாது, அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது. முதல் மாதம் தலைவலி மண்டையைப் பிளந்தது.

உங்களைப் போன்றவர்களால் எனக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம், முழுவேகம். முறையான சீட்டோடு போனாலும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். "என்ன சார், பரீட்சையா?" என்கிறார். அலுவலகத்தில் மாத்திரைப் பெட்டியைத் திறந்தால், "எனக்கும் ஒன்று கொடேன்" என்று கை நீளுகிறது. இன்சுலின் போடுகிறவரிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா?

சுந்தரி சிஸ்டர்
நாற்பது வயது வரை இரவுப் பணி பார்த்தவள் நான். ஷிப்டின் கொடுமை எனக்குத் தெரியும், அதனால் ராக்கோழி தம்பியைத் திட்ட வரவில்லை. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வந்தேன். தோல்.

மிக அரிதாக இந்த மருந்து ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும். காய்ச்சல், வாயிலும் கண்ணிலும் புண், பிறகு தோல் தீக்காயம் பட்டது போல் உரியும். வேறொரு மருந்தால் இது வந்த நோயாளியை வார்டில் பராமரித்திருக்கிறேன். வலி மருந்து கொடுத்தும் போர்வையைத் தொட விடமாட்டார். குழந்தைகளின் கவனக்குறைவு நோய்க்கு மொடாஃபினிலைக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கேட்டார்கள். இந்தத் தோல் பிரச்சினையால்தான் 2006இல் அது நின்றுபோனது. சோதனையில் இருந்த 1,585 சிறார்களில் 13 பேர் தடிப்பு வந்து மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பெரியவர்களுக்கான சோதனைகளில் கடுமையான தடிப்பு யாருக்கும் வரவில்லை, ஆனால் விற்பனைக்கு வந்த பிறகு பெரியவர்களிடமும் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் முதல் ஐந்து வாரங்களுக்குள் வரும்.

நண்பர் கொடுத்த அட்டையில் இந்த எச்சரிக்கைத் தாள் இருக்காது. உடம்பில் தடிப்பு தெரிந்தால், "வேர்க்குரு" என்று பவுடர் போட்டுக்கொண்டு அடுத்த மாத்திரையை விழுங்குவார்கள். என் பயம் அதுதான். பெரும்பாலும் முன்பே மனநோய் இருந்தவர்களுக்குப் பித்துநிலை, மாயக்குரல், தற்கொலை எண்ணம் வந்த சம்பவங்களும் மருந்துக் குறிப்பிலேயே இருக்கின்றன.

முழுவேகம்
சிஸ்டர், பாரசிட்டமால் குறிப்பைப் படித்தாலும் பயமாகத்தான் இருக்கும். நல்லதையும் சொல்லுங்கள். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய ஆரோக்கியமானவர்களுக்கும் திட்டமிடுவது, முடிவெடுப்பது போன்ற சிக்கலான வேலைகளில் பலன் தெரிந்தது என்று எழுதினார்கள். பக்கவிளைவும் சொற்பம்தான்.

கோவை நுரையீரல் மருத்துவர்
அந்தத் தொகுப்பு உண்மைதான். அதில் பெரும்பாலான ஆய்வுகள் ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுத்துப் பார்த்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் வாராவாரம் போடுகிறவரைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. இன்னோர் ஆய்வு கனடாவில் நடந்தது. 64 மணி நேரம் தூங்காமல் வைத்திருந்தவர்களுக்கு மொடாஃபினில் கொடுத்தபோது, தாங்கள் சரியாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கை, உண்மையில் செய்ததைவிட உயர்ந்துவிட்டது. எனவே "எனக்கு நன்றாக வேலை செய்கிறது" என்று மாத்திரை போட்டவரே கொடுக்கும் சாட்சியை நான் தள்ளுபடி விலையில்தான் எடுத்துக்கொள்வேன்.

ராக்கோழிக்கு வருகிறேன். இரவுப் பணிக்காரர்களிடம் நடந்த முக்கியமான சோதனை 2005இல் வெளிவந்தது. ஷிப்டால் தூக்கம் கெட்ட 209 பேர். ஒருவர் படுத்ததிலிருந்து எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று அளந்தார்கள். மருந்துக்கு முன் சுமார் இரண்டு நிமிடம், மருந்துக்குப் பின் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நன்றாகத் தூங்கியவருக்குப் பகலில் பத்து நிமிடமாவது ஆகும். அதாவது மாத்திரை போட்டும் அவர்கள் கடுமையான தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தார்கள். வீடு திரும்பும் வழியில் விபத்தோ, மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்ததாகச் சொன்னவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 54 சதவீதம், மொடாஃபினில் குழுவில் 29 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மாத்திரை இருக்கிறதென்ற தைரியத்தில் அதிகாலை நாலரை மணிக்கு பைக்கை எடுப்பவர் அந்த 29ஐ நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரே விவரங்களை வைத்துக்கொண்டு இரண்டு கண்டங்கள் இரண்டு முடிவெடுத்தன. அமெரிக்கா 2004இல் ஷிப்ட் கோளாறுக்கும் அனுமதி கொடுத்தது. ஐரோப்பிய மருந்து முகமையின் குழு 2010இல் எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்து, தோல், மனநல ஆபத்துகளைக் கணக்கில் வைத்து, நார்கோலெப்சி ஒன்றுக்கு மட்டும் போதும் என்று சுருக்கியது. என் மனம் ஐரோப்பியர் பக்கம் சாய்கிறது, ஆனாலும் கையில் நோயாளி இல்லாமல் சாய்வது எளிது.

இப்போது என் தொழில் கேள்வி. நீங்கள் குறட்டை விடுகிறீர்களா? 38 வயதில் ரத்த அழுத்தம் என்றதுமே எனக்கு உறுத்தியது. உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவதை ஸ்லீப் ஆப்னியா என்போம். அதற்கு இரவில் காற்றழுத்தக் கருவி போட வேண்டும். கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தியும் மிச்சத் தூக்கம் இருந்தால்தான் அமெரிக்காவிலேயே இந்த மாத்திரை. மாத்திரை தொண்டையைத் திறக்காது. ஆக்சிஜன் இறங்குவதும் அழுத்தம் ஏறுவதும் அப்படியே நடக்கும், உங்களுக்குத் தெரியாமல் போவது மட்டும்தான் வித்தியாசம். மாத்திரையால் பகல் தூக்கம் போனதும் கருவியைப் பரணில் ஏற்றிவிட்டு என்னிடம் மாத்திரைக்கு மட்டும் வருபவர்கள் உண்டு.

தேம்ஸ் யாழினி
லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே பல்கலைக்கழகப் பரீட்சைக் காலத்தில் இந்த மாத்திரை கைமாறுவதை எல்லாரும் அறிவார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பல நேரம் "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்றிருக்கும். தபாலில் வருவதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இதுவரை எழுதிய ஆண்கள் ஒருவரும் பெண்களைப் பற்றி யோசிக்கவில்லை. இது கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். நிறுத்திய பிறகும் இரண்டு மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும் என்பது இங்குள்ள அறிவுரை. கர்ப்பத்தில் எடுக்கவே வேண்டாம் என்று 2020இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கருவிலிருந்தபோது மருந்து பட்ட குழந்தைகளில் பெரிய பிறவிக் குறைகள் சுமார் 15 சதவீதம், பொதுவாக 3 சதவீதம் என்று அமெரிக்கப் பதிவேடு ஒன்று காட்டியது. ஸ்வீடன், நார்வே பதிவேடுகளில் அப்படித் தெரியவில்லை என்பதும் உண்மை. முடிவாகத் தெரியும்வரை யார் சோதனை எலியாக இருப்பது? இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கருத்தடையைக் கெடுக்கும் மருந்துதான் கருவுக்கும் ஆகாது என்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சிநேகிதி கொடுக்கும் மாத்திரையோடு இதை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஓட்டக்காரன்
இடையில் ஒரு தகவல். விளையாட்டில் இது தடை செய்யப்பட்ட ஊக்க மருந்து. அமெரிக்க ஓட்ட வீராங்கனை கெல்லி ஒயிட் 2003 பாரிஸ் உலகப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். மொடாஃபினில் பிடிபட்டது. நார்கோலெப்சி என்று சொல்லிப் பார்த்தார். பதக்கங்கள் போயின. மாரத்தான் ஓடும் மென்பொருள் நண்பர்கள் கவனிக்கவும்.

செங்கொடி முருகேசன்
எல்லாரும் மாத்திரையையே சுற்றி வருகிறீர்கள். அமெரிக்காக்காரனுக்குப் பகலாக இருக்க வேண்டும் என்பதற்காக நம் பையனின் இரவைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பையன் தன் காசில் மாத்திரை வாங்கித் தன் கல்லீரலில் போட்டுக்கொண்டு நிறுவனத்துக்கு லாபம் காட்ட வேண்டுமாம். நாளை இது வழக்கமானால், போடாதவர் சோம்பேறி ஆகிவிடுவார். நடுஇரவில் இருபது நிமிடம் படுத்தெழ ஓர் அறை கொடுக்க எந்த மேலாளரும் முன்வருவதில்லை. ஷிப்டை வாரத்துக்கு வாரம் மாற்றாதீர்கள் என்று கேட்டால் முறைக்கிறார்கள். ராக்கோழி, உங்கள் கேள்வியை மனிதவளத் துறையிடம் கேளுங்கள்.

கதிர் நா.
தோழர் சொல்வதில் பாதி சரி. மற்ற பாதி, எனக்குப் பகல் வேலையிலும் மாத்திரை வேண்டும். எல்லா மாத்திரையையும் முதலாளி சதி ஆக்கிவிடாதீர்கள்.

ராக்கோழி
எல்லாருக்கும் நன்றி. டாக்டர், குறட்டை உண்டு. மனைவி பிள்ளையை அழைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். ராத்திரியில் மூச்சு நிற்கிறது என்று அவள் சொன்னதை நான் கிண்டலாக எடுத்துக்கொண்டேன். எடை 94 கிலோ. விடுமுறை நாட்களில் ஒன்பது மணி நேரம் தூங்கினாலும் எழும்போது அசதிதான். பழக்கமாகுமா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. முருகேசன் ஐயா, மனிதவளத் துறையிடம் கேட்டால் யோகா வகுப்புக்குப் பெயர் கொடுக்கச் சொல்வார்கள்.

கோவை நுரையீரல் மருத்துவர்
பழக்கம்: ஆம்ஃபெட்டமின் என்ற கடுமையான ஊக்க மருந்து அளவுக்கு இல்லை. ஆனால் இல்லவே இல்லை என்று நினைத்திருந்த காலம் போய்விட்டது. 2009இல் ஆரோக்கியமான பத்து ஆண்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், மற்ற அடிமைப் பொருட்களைப் போலவே இதுவும் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கூட்டுவது தெரிந்தது. அமெரிக்கா இதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் நான்காம் பட்டியலில் வைத்திருக்கிறது. நான் பார்ப்பது பெரும்பாலும் மனப் பழக்கம். மாத்திரை இல்லாத நாளில் வேலையைத் தொடவே பயம்.

உங்கள் விவரத்தைப் படித்தபின் என் ஆலோசனை, அந்த அட்டையைத் தொடாமல் தூக்கப் பரிசோதனைக்குப் போங்கள். இப்போது வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. நீங்கள் வழக்கமாகத் தூங்கும் பகல் நேரத்திலேயே கட்டிக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரவில் கட்டி அனுப்பிவிடுவார்கள். மனைவியைக் கூட அழைத்துப் போங்கள், உங்களைவிட அவருக்குத்தான் விவரம் தெரியும். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் அதோடு பார்த்துவிடலாம். சளிக்கு, அரிப்புக்கு என்று செட்டிரிசின் போடும் வழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அது தூக்கத்தைக் கூட்டும்.

முழுவேகம்
நான் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் மருந்தாளுநர் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். கல்லீரல் நொதி என்றெல்லாம் எழுதினீர்கள். நான் பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். கொடுத்த மருத்துவருக்கு இந்த அரை மாத்திரை விஷயம் தெரியாது. தெரிய வேண்டியது அவசியமா?

வைகைக்கரை மருந்தாளுநர்
அவசியம். எஸ்சிட்டலோபிராமை உடைக்கும் முக்கியமான நொதிகளில் ஒன்றைத்தான் இது அடக்குகிறது. நீங்கள் இருபதிலேயே நிற்கிறீர்கள், அது அந்த மருந்தின் மேல் எல்லை. ரத்தத்தில் அதற்கும் மேலே ஏறினால் இதயத் துடிப்பின் தாளம் கெட வாய்ப்புண்டு. போதாக்குறைக்கு, விழிப்பு மாத்திரையே பதற்றத்தைக் கூட்டக்கூடியது. அடுத்த கெடு வாரம் வரைக்கும் காத்திருக்காமல் நாளையே உங்கள் மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். ஈசிஜி ஒன்று எடுக்கச் சொல்வார். பயந்துபோய் எஸ்சிட்டலோபிராமை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு. நிறுத்த வேண்டியது மற்றதை. மயக்கமோ, நெஞ்சு தாறுமாறாக அடிப்பதோ இருந்தால் தொலைபேசி வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முழுவேகம்
சரி அண்ணன். நாளைக் காலை அழைக்கிறேன்.